நெய்த கைக்கு என்ன மிச்சம்?

பட்டுச் சேலையைக் கண்டால் பாராட்டாதார் இல்லை. என்ன நேர்த்தி, என்ன வேலைப்பாடு என்று வியக்கிறார்கள். விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த விலையில் நெய்த கைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? கேட்பார் யார்? நாம் கேட்கிறோம்.

2019-20-ல் மத்திய அரசே எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பு பதில் சொல்கிறது. நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சம் பேருக்கு மேல். அவர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாயைக்கூடக் காணாதவை!

ஏன் இந்த நிலை? கையில் திறமை இருக்கிறது. நூல் வாங்கக் காசு இல்லை. முதலாளி நூலும் சரிகையும் தருகிறார், முன்பணமும் தருகிறார். அன்றே அந்தக் குடும்பம் கட்டுண்டது. கூலியைச் சொல்பவரும் அவர். சேலைக்கு விலை சொல்பவரும் அவர். தார் சுற்றிய வீட்டுப் பெண்ணுக்கும், பாவு நீட்ட உதவிய முதியவருக்கும் தனிக் கூலி கிடையாது.

இந்தக் கட்டை அறுக்க உலகம் கண்ட வழி ஒன்று உண்டு. நியாய வாணிகம் என்பது அதன் பெயர். உலக நியாய வாணிக அமைப்பின் விதி என்ன? கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், செய்பவர் கேட்டால், விலையில் பாதியையாவது வட்டியின்றி முன்னதாகவே தர வேண்டும். இரு தரப்பும் பேசியே விலை முடிக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. இது பிச்சை அல்ல தோழர்களே, உழைப்பின் உரிமை!

நமக்கு இது புதிதா? கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது 1935-ல். கூட்டுறவுச் சங்கம் நூல் தரும், கூலி தரும், துணியை விற்கும். ஆனால் விற்ற துணிக்குப் பணம் வர மாதக்கணக்கானால் சங்கம் என்ன செய்யும்? தறி நிற்கும், நெசவாளி மறுபடியும் முதலாளி வாசலில் நிற்பார்.

ஆகவே சொல்கிறோம்: அரசு கைத்தறித் துணி வாங்கும்போது பாதிப் பணம் முன்னதாகவே சங்கத்துக்குச் சேரட்டும்! தோழர்களும் வாளாவிருக்க வேண்டாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சங்கக் கடையில் துணி எடுங்கள். நெய்தவருக்குக் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். நெசவாளத் தோழர்கள் சங்கப் பொதுக்குழுவுக்குத் தவறாமல் சென்று கணக்குக் கேளுங்கள்.

நெய்தவர் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் நாம் உடுத்தும் துணிக்கு அழகு!