பாட்டன் ஊரும் பாஸ்போர்ட்டும்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்த கால்பந்து வீரர் ரயான் வில்லியம்ஸ் 2025 நவம்பரில் இந்திய பாஸ்போர்ட்டைப் பெற்றார். அதற்காக ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்தார். அவருடைய தாய் மும்பையில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். இதே வழியில் அவருக்கு முன்னால் வந்தவர், இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் ஜப்பானில் பிறந்த அராத்தா இசுமி. ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு 2013இல் அவர் இந்தியாவுக்காக ஆடினார். இருவருக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு. இந்தியக் குடிமக்களானபோது ஒருவருக்கு வயது 30, மற்றவருக்கு 32. கால்பந்தில் அது இறங்குமுகம் தொடங்கும் வயது. இது தற்செயலாக நேர்ந்ததல்ல, நம் சட்டத்தின் அமைப்பால் வந்த விளைவு.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள்தான் இந்தியாவுக்காக விளையாடலாம் என்று 2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் உத்தரவிட்டது. அதுவரை இந்திய டேவிஸ் கோப்பை அணியில் ஆடிவந்த பிரகாஷ் அமிர்தராஜுக்கு அதோடு வாசல் மூடிற்று. அவர் அமெரிக்காவில் பிறந்தவர், சென்னையின் விஜய் அமிர்தராஜின் மகன். 2010இல் தில்லி உயர் நீதிமன்றமும் இந்த உத்தரவில் தலையிட மறுத்தது. இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் விசா இல்லாமல் வந்து போகலாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம்; நாட்டுக்காக மட்டும் ஆட முடியாது. குடியுரிமை வேண்டுமென்றால் அட்டையை வாங்கி ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு இந்தியாவிலேயே குடியிருந்திருக்க வேண்டும். ஐரோப்பியக் கிளப் ஒன்றில் ஒப்பந்தத்தில் இருக்கும் 21 வயது இளைஞனுக்கு இந்த ஓராண்டு நடக்கிற காரியமா? ஆகஸ்டில் தொடங்கி மே வரை அவனுக்கு ஆட்டம் இருக்கிறது. எனவே அங்கே வாய்ப்புகள் குறைந்து, இங்குள்ள லீகில் ஆட வந்துவிட்டவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி திறக்கிறது. திறமையின் உச்சத்தில் இருப்பவனை வெளியே நிறுத்திவிட்டு, அது தணிந்தபின் உள்ளே விடுகிறோம்.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் நியாயமான ஓர் அச்சம் இருப்பதை மறுக்க முடியாது. பதக்கத்துக்காக ஆளை விலைக்கு வாங்கும் நாடுகள் இருக்கின்றன. கென்யாவின் ஸ்டீபன் செரோனோ 2003இல் கத்தார் குடிமகனாகி, சயீஃப் சயீத் ஷாஹீன் என்று பெயரையும் மாற்றிக்கொண்டு, சில வாரங்களிலேயே பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்றார். கென்யா சம்மதிக்காததால் அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவரால் ஓட முடியவில்லை. மலேசியா இன்னும் ஒரு படி கீழே போயிற்று. 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என வீழ்த்திய அணியில், தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று சொல்லிச் சேர்க்கப்பட்ட வெளிநாட்டு வீரர்கள் இருந்தார்கள். அப்படி ஏழு பேருடைய தாத்தா பாட்டியின் பிறப்பு ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று ஃபிஃபா கண்டறிந்து அபராதமும் தடையும் விதித்தது. பாட்டனையே புதிதாகத் தயாரித்துவிட்டார்கள்!

ஆனால் செரோனோவையும் மொராக்கோ கால்பந்து வீரர் அஷ்ரஃப் ஹக்கீமியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஹக்கீமி மாட்ரிட்டில் பிறந்து ரியல் மாட்ரிட்டின் இளையோர் அணியில் வளர்ந்தவர். தாய் வீடுகளைச் சுத்தம் செய்தவர், தந்தை தெருவோர வியாபாரி, இருவரும் மொராக்கோவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட்டில் கடைசி உதை அவருடையது. கோல்கீப்பர் பக்கவாட்டில் பாய, ஹக்கீமி பந்தை மெல்லத் தட்டிக் கோலின் நடுவே அனுப்பினார். பிறந்த நாடு வெளியேறியது, பெற்றோரின் நாடு முன்னேறியது. அரையிறுதி வரை சென்ற அந்த மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் அயல்நாடுகளில் பிறந்தவர்கள். அவர்களைக் கூலிப்படை என்று யாரும் சொல்லவில்லை. விளையாட்டுக்குத் தேவைப்படுவதற்கு வெகு முன்பே அந்த உறவு வீட்டுக்குள் இருந்தது. பார்க்க வேண்டியது இந்த முன்பின் வரிசையைத்தான். உறவு முதலில் இருந்து பாஸ்போர்ட் பின்னால் வந்ததா, இல்லை பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு உறவைத் தேடினார்களா? இந்த வேறுபாட்டை நம் விதி கண்டுகொள்வதில்லை. காகிதம் கையில் இருந்தால் போதும் என்பது அதன் கணக்கு.

இன்னொரு நாட்டின் குடியுரிமையைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பற்று எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. பற்றுக்குக் காகிதம் சாட்சியாகாது என்பதற்கு விஸ்வநாதன் ஆனந்தே உதாரணம். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒருநாளும் விடாதவர், செஸ் உலக சாம்பியனாக இருந்தவர். அப்படியிருந்தும் 2010இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தபோது, ஸ்பெயினில் வசித்த காரணத்தால் அவர் இந்தியக் குடிமகன்தானா என்று மத்திய மனிதவள அமைச்சகம் சந்தேகம் கிளப்பியது. நம் ரசிகர்களோ அமைச்சகத்தைவிடத் தெளிவானவர்கள். மும்பையில் வளர்ந்து இந்திய இளையோர் அணியில் ஆடிய சௌரப் நேத்ரவால்கர், 2024 டி20 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்காகப் பந்துவீசி ரோஹித்தையும் கோலியையும் வெளியேற்றினார். அவரைத் துரோகி என்று யாரும் தூற்றவில்லை. ‘நம்ம பையன்’ என்றுதான் கொண்டாடினார்கள். போகிறவனை இப்படி வாழ்த்தி அனுப்பும் நாம், வர விரும்புகிறவனிடம் மட்டும் பற்றுக்கு அத்தாட்சி கேட்பது விசித்திரம்தான்.

உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் பறிபோகும் என்ற கவலைக்கு இதைவிடக் கனம் அதிகம். ஊர் மைதானங்களைச் செப்பனிட்டுப் பயிற்சியாளர்களை நியமிக்க வேண்டிய சங்கம், வெளிநாட்டில் ஆள் தேடுவதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடக்கூடும். அதைத் தடுக்கவே ஓர் அணியில் இத்தனை பேர் என்று உச்சவரம்பு வைக்கலாம். அதற்காக எல்லோரையும் ஒட்டுமொத்தமாகத் தடுப்பது அந்தச் சங்கத்தின் சோம்பலைக் குறைத்துவிடாது. பதினேழு ஆண்டுகளாகத் தடை இருந்தும் இந்தியக் கால்பந்து எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஓசிஐ அட்டையே போதும் என்று அமைச்சகம் நாளை அறிவித்தாலும் கால்பந்தில் பயனில்லை. ஃபிஃபா கேட்பது குடியுரிமையை. ஆகவே மாற வேண்டியது குடியுரிமைச் சட்டம். அதற்கான முன்மாதிரி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அறிவியல், தத்துவம், கலை, இலக்கியம், உலக அமைதி, மனிதகுல முன்னேற்றம் ஆகியவற்றில் சிறந்த தொண்டாற்றியவருக்குக் குடியிருப்பு நிபந்தனைகளைத் தளர்த்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு இடம் தருகிறது. பாடகர் அத்னான் சாமி 2016இல் இந்தியரானது இந்தப் பிரிவின் கீழ்தான். பட்டியலில் விளையாட்டு இல்லை. அதைச் சேர்த்து, பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர்களாக இருந்தால் மட்டுமே சலுகை என்று வரையறுத்து, ஆவணங்களைச் சங்கத்தின் பொறுப்பில் விடாமல் உள்துறை அமைச்சகமே சரிபார்க்கட்டும். இரட்டைக் குடியுரிமைக்கு நம்மைப் போலவே இடம் தராத ஜப்பான், இளையோருக்கு முடிவெடுக்க அவகாசம் தருகிறது. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா 22 வயது நிறைவதற்குச் சற்று முன்பு, 2019இல், ஜப்பானைத் தேர்ந்தெடுத்தார். அதுவரை இரண்டு குடியுரிமைகளோடுதான் அவர் ஜப்பானுக்காக ஆடிவந்தார். அந்த அவகாசத்தை நாமும் 23 வயது வரை தரலாம்.