ஆட்டப் பாட்டு என்று ஒதுக்கலாமா?

ஆட்டத்துக்கு வாசிப்பதெல்லாம் இசையா என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஜமைக்காவின் ஸ்கா இசையை ஒருமுறை கேட்க வேண்டும் என்பேன்.

கிங்ஸ்டன் நகரில் இரக்கத்தின் கன்னியர் நடத்திய ஆல்ஃபா சிறுவர் பள்ளியில், ஏழைப் பிள்ளைகள் பாண்டு வாத்தியம் பயின்றனர். 1939இல் அங்கு வந்த சகோதரி மேரி இக்னேஷியஸ் இசைத்தட்டுகளைச் சேர்த்துவைத்து மாணவருக்குப் போட்டுக் காட்டுவாராம். ஜாஸ் இசையும்கூடத்தான்! அவரை யாரும் கடிந்துகொண்டிருந்தால் உலகத்துக்கல்லவா நட்டம்?

அங்கே படித்த டான் டிரம்மண்ட், டாமி மக்குக் ஆகியோர் 1964இல் உருவான ஸ்கட்டலைட்ஸ் குழுவின் தூண்கள். மக்குக்கும், உடன் வாசித்த ரோலண்ட் அல்போன்சோவும் பிறந்தது கியூபாவின் ஹவானாவில். ‘லத்தீன் கோஸ் ஸ்கா’ என்றே ஒரு வாசிப்புக்குப் பெயரிட்டனர். ஜமைக்காவின் மென்டோ, அமெரிக்க ஜாஸ், கியூபாவின் ஆட்டத் தாளம் எல்லாம் அவர்கள் வாசிப்பில் உறவாடுகின்றன. தாளத் தட்டுகளுக்கு நடுவே கிதார் வெட்டி வெட்டி ஒலிக்கிறது. இதைக் கலப்படம் என்பது எனக்கு ஒப்பவில்லை.

குழு 1965லேயே கலைந்தது. ஆயினும் டிரம்மண்டின் டிராம்போனைக் கேளுங்கள், தோழியரே. கால் தானே தாளம் போடும். மெட்டிலோ தீராத ஒரு சோகம்.