சிறுநீரகத்திற்கு என்ன நிறம்?

இறந்தவன் ஈந்த சிறுநீரகம் பனிக்கட்டிப் பேழையிலே கிடக்கிறது. அதற்குப் பேச்சில்லை, பெயரில்லை. எனினும் அமெரிக்க நாட்டிலே, "நீ எந்த இனத்தானின் உடலில் இருந்தாய்?" என்று அதைக் கேட்டது ஒரு கணக்கு! கறுப்பர் தந்ததெனில், வயதும் உடல்நிலையும் ஒன்றாகவே இருப்பினும், தரப்பட்டியலிலே கீழே இறக்கிற்று. 2009-இல் வகுத்த சூத்திரம் அது. 2024-ஆம் ஆண்டின் இறுதியிலேதான் 'இனம்' என்ற சொல் அதிலிருந்து அகற்றப்பட்டது.

காரணமில்லாமலா செய்தனர், என்பர் கற்றறிந்தோர். கறுப்பர் தந்தவற்றுள் பல விரைவிலே பழுதுற்றனவாம். மறுக்கவில்லை நாம். ஏன் பழுதுற்றன? அந்தக் கேள்விக்கு 2010-இல் விடை கிடைத்தது. ஏ.பி.ஓ.எல்.1 என்பது ஒரு மரபணு. ஆப்பிரிக்காவிலே ஈக்கடியால் பரவும் உறக்க நோயினின்று உயிரைக் காக்க, அதிலே தோன்றின சில மாறுதல்கள். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டும் சேர்ந்துவிட்டாலோ, காத்த கரமே சிறுநீரகத்தின் கழுத்தை நெரிக்கக்கூடும். அப்படி இரண்டும் உடையோர், அமெரிக்கக் கறுப்பரிலே நூற்றுக்குச் சுமார் 13 பேர். அவர்களிலும் பெரும்பாலோர்க்கு நோய் வருவதே இல்லை. மீதி 87 பேர் செய்த குற்றம் என்ன? தோலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியவர்கள் சொல்லட்டும்!

தந்தவருக்கு மட்டுமா இந்த நீதி? பெறக் காத்திருந்தவருக்கும் இதே கதிதான். இரத்தச் சோதனை ஒன்று சொல்லும். கறுப்பர் என்றதும் அந்த எண்ணைப் பெருக்கி, "உன் சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்கிறது, போய் வா" என்றது இன்னொரு சூத்திரம். வரிசையிலே இடம் பிந்திற்று. 2021-இல் சூத்திரம் திருத்தப்பட்டது. இழந்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கிலே சேர்க்கும் வேலை 2023-இல்தான் தொடங்கிற்று. அதுவரை பொறுத்திருக்க முடியாமல் மாண்டவருக்கு எந்தக் கணக்கிலே சேர்ப்பது?

தருவோர், பெறுவோர் இருவரின் மரபணுவையும் ஆராயும் பெருமுயற்சி ஒன்று, அப்பல்லோ என்ற பெயரிலே, அமெரிக்க அரசின் பொருளுதவியோடு 2017-இல் தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம் நாம். இனத்தைக் கேளாதே, மரபணுவைக் கேள் என்பது அறிவின் வழி. ஆனால் கேட்டறிந்ததை யார் கையிலே கொடுப்பது?

உடன்பிறந்தானுக்குச் சிறுநீரகம் தர உயிரோடிருக்கும்போதே முன்வருகிறாள் ஒரு தங்கை. அதற்காகச் சோதனை செய்துகொள்கிறாள். மரபணுவைக் காட்டி வேலையோ மருத்துவக் காப்பீடோ மறுக்கலாகாது என்று 2008-இல் சட்டம் செய்தது அமெரிக்கப் பேரரசு. ஆயுள் காப்பீட்டை அச்சட்டம் தொடவில்லை! தியாகம் செய்ய வந்தவளிடம், "அந்தச் சோதனைத் தாளைக் காட்டு, கட்டணத்தை உயர்த்துகிறோம்" என்று கம்பெனி கேட்டால், தடுக்க அதிலே ஒரு வரி இல்லை. அந்த வரியை எழுதுங்கள் என்கிறோம்.