பிரம்பு வாளும் ஒரு கிண்ணம் தேநீரும்

ஒவ்வொரு ஆண்டும் ஜூலை கடைசியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஏரிக்கரை மைதானம் திடீரென்று ஊராக மாறிவிடும். பெயர் கூப்பர்ஸ் லேக். பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். ஏறக்குறைய இரண்டு வாரங்கள், 10,000 பேருக்கு மேல் இங்கே கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள்.

கம்ப்யூட்டர் இன்ஜினீயர், நர்ஸ், டிரைவர், டீச்சர் என்று எல்லா வகை ஆட்களும் உண்டு. உள்ளே வந்ததும் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் பெட்டிக்குள் போய்விடும். ஒருவர் பிரெஞ்சு வீரர், இன்னொருவர் வைக்கிங் வணிகர். அடுத்த கூடாரத்தில், இடுப்பில் வாள் செருகிய ஜப்பானிய சாமுராய்!

இதற்குப் பெயர் ‘பென்சிக் போர்’. 1972-ல் தொடங்கியது. கிழக்கு ராஜ்யமும் மத்திய ராஜ்யமும் மோதும். தோற்றவர்கள் தண்டனையாக பிட்ஸ்பர்க் நகரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பல ஆண்டுகளாக ஓடும் கிண்டல். பாவம் பிட்ஸ்பர்க்!

தோட்டத்து விருந்தில் பிறந்த ராஜ்யம்

நடத்துவது எஸ்.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிசம்’. 1966 மே 1 அன்று, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், டயானா பாக்ஸன் வீட்டுத் தோட்டத்தில் நடந்த விருந்துதான் ஆரம்பம். பிற்காலத்தில் நாவலாசிரியராகப் பெயர் எடுத்தவர் இவர். நண்பர்கள் பழங்கால உடையில் வந்து வாள் போட்டி நடத்தினார்கள். முடிந்ததும், 20-ம் நூற்றாண்டைக் கண்டித்து வீதியில் ஊர்வலம் வேறு போனார்கள். அந்த விளையாட்டு இன்று உலகெங்கும் 20 ‘ராஜ்யங்களாக’ விரிந்திருக்கிறது. போட்டியில் ஜெயித்தவரே ராஜா. அதுவும் சில மாதங்களுக்குத்தான்.

சண்டையில் வாள்கள் எல்லாம் பிரம்பு. அதன்மேல் டேப் சுற்றியிருப்பார்கள். ஆனால் தலைக்கவசம், மார்புக்கவசம் எல்லாம் நிஜம். அடி விழுந்தால் வலிக்கும். இதில் ஒரு விதி வெளியாட்களை ஆச்சரியப்படுத்தும். ‘நீ செத்தாய்’ என்று தீர்ப்பு சொல்ல நடுவர் கிடையாது. அடி சரியாகப் பட்டதா என்று சொல்ல வேண்டியவர், அடி வாங்கியவர்தான். பட்டும் படாததுபோல நின்றால் யாரும் இழுத்து வெளியே போட மாட்டார்கள். ஆனால் அந்த மைதானத்தில் அவர் பெயர் கெட்டுவிடும்.

சாமுராய் எப்படி வந்தார்?

எஸ்.சி.ஏ.வின் கால வரம்பு, 17-ம் நூற்றாண்டுக்கு முன்பு. மையமாக வைத்திருப்பது ஐரோப்பாவை. அப்படியிருக்க ஜப்பான் எங்கே வந்தது என்று கேட்கலாம்.

1543-ல் போர்த்துகீசியர்கள் ஜப்பானின் தனேகஷிமா தீவில் கால் வைத்தார்கள். அவர்கள் கையிலிருந்த துப்பாக்கியை ஜப்பானியக் கொல்லர்கள் விரைவிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1549-ல் பிரான்சிஸ் சேவியர் ககோஷிமாவில் இறங்கினார். ஆம், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்களிடையே சமயப் பணி செய்த அதே சவேரியார்தான். 1582-ல் நான்கு ஜப்பானிய இளைஞர்கள் நாகசாகியிலிருந்து கப்பலேறி, 1585-ல் ரோம் போய் போப்பாண்டவரையே சந்தித்தார்கள். ஆக, ஐரோப்பிய வீரர் ஒருவர் ஜப்பானியரைப் பார்த்திருக்க வரலாற்றில் வழி உண்டு. அந்த வழியாகத்தான் பென்சிக் மைதானத்துக்குள் சாமுராய் வருகிறார்.

ஆனால் வந்தவருக்கு வீட்டுப்பாடம் நிறைய.

கெய்ஷா வேஷம் ஆகாது. கெய்ஷா என்ற தொழிலே 18-ம் நூற்றாண்டில் வந்தது. முதுகில் பெட்டிபோல முடிச்சிட்ட அகலமான ஓபி பட்டியும் ஆகாது. அதுவும் பிற்காலத்தது. 16-ம் நூற்றாண்டுப் பெண்கள் ‘கொசோடே’ என்ற அங்கியின்மேல் குறுகலான பட்டியைத்தான் கட்டினார்கள். கைப்பிடிச் சோற்றின்மேல் மீன் துண்டு வைத்த சூஷி? அது 19-ம் நூற்றாண்டு. ஹைக்கூ? அதற்கு அந்தப் பெயர் கிடைத்ததும் 19-ம் நூற்றாண்டின் முடிவில்தான்.

‘அப்புறம் ஜப்பானில் மிச்சம் என்னதான் இருக்கிறது?’ என்று புதிதாக வருபவர் திகைப்பது இங்கேதான். சினிமா காட்டிய ஜப்பான் கழிந்த பிறகுதான் நிஜ ஜப்பானைத் தேடவே தொடங்குகிறார்கள்.

பெயரிலும் கட்டுப்பாடு உண்டு. ஓடா நொபுனாகா போன்ற புகழ்பெற்றவர்களின் பெயரைப் பதிவு செய்ய முடியாது. ஊர் பேர் தெரியாத ஒருவராக, அந்தக் காலத்தில் வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவராக இருக்க வேண்டும். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். பதவிப் பட்டங்களும் அப்படித்தான். கொடுத்தால் ஒழிய, தானாகச் சூட்டிக்கொள்ளக் கூடாது.

துணிச்சுவருக்குள் ஒரு வீடு

ஜப்பானிய முகாமைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். சுற்றிலும் நீளமான துணித் திரை, அதன்மேல் குடும்ப முத்திரை. இதற்கு ‘ஜின்மாகு’ என்று பெயர். போர்க்களத்தில் தளபதி இருக்கும் இடத்தை மறைக்க ஜப்பானியர்கள் நிஜமாகவே கட்டிய திரை. இங்கே அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. நைலான் கூடாரம், ஐஸ் பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் அது மறைத்துவிடும்!

உள்ளே போகும் முன் செருப்பைக் கழற்ற வேண்டும். பாயில் உட்கார வேண்டும். நமக்குப் பழகிய விஷயம்தான். நாற்காலியிலேயே வளர்ந்த அமெரிக்கர்களுக்கு முதல் இரண்டு நாள் முழங்கால் கெஞ்சும்.

உடை உடுத்தும்போது பெரியவர்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். இடப்பக்கத் துணி மேலே, வலப்பக்கத் துணி உள்ளே. மாற்றிக் கட்டினால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. தெரியாமல் மாற்றிக் கட்டி வந்தவரைப் பார்த்தால் கூட்டத்தில் சிரிக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் ஓரமாக அழைத்துப்போய் மெதுவாகச் சரி செய்வார். அப்படித் தொடங்கிய நட்புகள் இங்கே ஏராளம்.

சமையல் சோறு, மிசோ சூப், சுட்ட மீன், உப்பில் ஊறிய பிளம், முள்ளங்கி ஊறுகாய். விதிகளில் பிடிவாதமாக இருப்பவர்கள் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் சேர்க்க மாட்டார்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டம் உலகத்துக்குக் கொடுத்தவை. அமெரிக்காவிலேயே கூடாரம் போட்டுக்கொண்டு, அமெரிக்கக் காய்கறி வேண்டாம் என்கிற வேடிக்கை!

இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ‘ரெங்கா’ பாடுவதும் உண்டு. ஒருவர் மூன்று அடி சொல்வார். அடுத்தவர் இரண்டு அடி சேர்ப்பார். அதைப் பிடித்து மூன்றாமவர் தொடர்வார். நம் அந்தாதிபோல ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு போகும். ஆனால் பாடுவது பலர். முதல் பாட்டில் பருவகாலம் வந்தே ஆக வேண்டும். ஆகஸ்ட் மாத இடியும் மழையும் கொட்டும் பென்சில்வேனியாவில் அதற்குப் பஞ்சமே இல்லை.

யார் வேண்டுமானாலும் வரலாம்

இங்கே பக்கத்து முகாமுக்குப் போக அழைப்பிதழ் தேவையில்லை. வாசல் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தால் போதும். கூடாரக் கயிற்றைத் தாண்டிக் குதித்து வரக் கூடாது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. தோல் உடுப்பு போட்ட வைக்கிங்கும் சாமுராயும் எதிரெதிரே உட்கார்ந்து பச்சைத் தேநீர்த் தூள் கலக்கிக் குடிப்பது இப்படித்தான் நடக்கிறது.

இந்தத் தேநீருக்குப் பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கிறது. 1587-ல் ஜப்பானை ஆண்ட டொயோட்டோமி ஹிதெயோஷி, கியோட்டோவின் கிதானோ கோயில் வளாகத்தில் மாபெரும் தேநீர்க் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். வீரர், வணிகர், விவசாயி யார் வேண்டுமானாலும் வரலாம். கெண்டியும் கிண்ணமும் கொண்டு வந்தால் போதும். தேயிலைத் தூள் இல்லாதவர் வறுத்த தானிய மாவு கொண்டு வரலாம் என்றுகூட அறிவிப்பு சொன்னது. தேநீர்க் கலையின் பெரிய ஆசான் சென் நோ ரிக்கியூ உடன் இருந்தார். 10 நாள் நடக்க வேண்டிய கூட்டம், ஒரே நாளில் முடித்துக்கொள்ளப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1588-ல், அதே ஹிதெயோஷி நாடு முழுக்க விவசாயிகளிடமிருந்த வாள்களைப் பறிக்க ஆணையிட்டார். 1591-ல் வீரர் வீரராகவும் விவசாயி விவசாயியாகவுமே இருக்க வேண்டும் என்று கோடு போட்டார். இத்தனைக்கும் அவரே எளிய குடும்பத்திலிருந்து மேலே வந்தவர். தான் ஏறிய ஏணியை எடுத்துவிட்டார். அதே 1591-ல் ரிக்கியூவையும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி உத்தரவிட்டார்.

பென்சிக் மைதானத்தில் எல்லோரும் சாமுராய். நிஜ ஜப்பானில் பெரும்பாலானவர்கள் வயலில் நின்றவர்கள். வாளைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் வேஷத்தைப் போட ஆள் கிடைப்பது அரிது. இந்த விளையாட்டின் பெரிய குறை இதுதான். பழங்காலத்தின் பட்டு வருகிறது. பசியும் பயமும் வருவதில்லை.

இரவல் உடையா, இரவல் மரியாதையா?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஜப்பானியர் அல்லாதவர்கள் இப்படி உடுத்தலாமா?

2015-ல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், கிமோனோ உடுத்திய பெண்ணை மோனே வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தின் முன், பார்வையாளர்கள் அதே மாதிரி கிமோனோவைப் போட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தது. ஓர் இனத்தின் உடையை வேடிக்கைப் பொருளாக்குவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. போட்டுப் பார்ப்பதை நிறுத்தி, தொட்டுப் பார்க்க மட்டும் வைத்தார்கள். அப்போது, ‘உடுத்தட்டுமே, எங்களுக்கு மகிழ்ச்சிதான்’ என்று சொன்ன ஜப்பானியர்களும் இருந்தார்கள்.

ஜப்பானியர்களே பழைய வேஷம் போடுவதில் ஆர்வமுள்ளவர்கள். கியோட்டோவில் 1895 முதல் நடக்கும் ‘ஜிடாய் மட்சுரி’ திருவிழாவில், ஆண்டுதோறும் அக்டோபர் 22 அன்று சுமார் 2,000 பேர் பல நூற்றாண்டு உடைகளில் ஊர்வலம் போகிறார்கள். ஆனால் அவர்கள் போடுவது தாத்தாவின் சட்டையை. பென்சிக்கில் போடுவது பக்கத்து வீட்டுத் தாத்தாவின் சட்டையை. அனுமதி கேட்க அந்தத் தாத்தா இல்லை. ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதனால் கூடுதல் பொறுப்பு வேண்டும். ஒரே அங்கிதான். ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணை இடுக்கி, உடைந்த மொழி பேசிக் கேலி செய்யலாம். இன்னொருவர் மாதக்கணக்கில் படித்து, தன் கையாலேயே தைத்து, எந்த நூற்றாண்டு, எந்தத் துணி என்று கேட்டவருக்குச் சொல்லலாம். முதலாமவருக்குக் கிமோனோ ஒரு முகமூடி. இரண்டாமவர் அதைக் கடனாக வாங்கியிருக்கிறார். கடன் என்பதை மறக்காதவரைத்தான் முகாமில் மூத்தவர்கள் மதிக்கிறார்கள்.

பென்சிக்கில் ‘பல்கலைக்கழகம்’ என்ற பெயரில் நூற்றுக்கணக்கான வகுப்புகள் நடக்கின்றன. எல்லாம் பங்கேற்பாளர்களே சொல்லிக் கொடுப்பவை. தையல், சமையல், எழுத்துக்கலை, போர்முறை என்று எதையும் கற்கலாம். கிதானோ தேநீரைக் கற்பிக்கும் இடத்தில் வாள் பறிப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பாடம் முழுமையாகும். யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற அந்த ஒரு நாளை எடுத்துக்கொள்ள இவர்களுக்கு உரிமை உண்டு. அது ஏன் ஒரு நாளோடு முடிந்தது என்று தெரிந்துகொண்டு எடுத்துக்கொள்வதுதான் நேர்மை.

ஆகஸ்ட்டில் ஊர் கலையும். முத்திரை போட்ட திரை இரவு மழையில் நனைந்து கனத்துக் கிடக்கும். ஒரு முனையை சாமுராய் பிடிக்க, மறு முனையை வைக்கிங் பிடிக்க, இருவரும் முறுக்கிப் பிழிந்து மடிப்பார்கள். பிறகு சாமுராய் அடிப்பிடித்த சோற்றுப் பானையைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். இந்த முகாமில் அதற்கென்று வேறு ஆள் கிடையாது.