செருப்புக்குக் கட்டம் இல்லை

சென்ற வாரம் எங்கள் அடுக்குமாடியின் புலனக் குழுவுக்கு ஒரு பாரம் வந்தது. செராஸில் நாங்கள் இருக்கும் புளோக்கில் தனியாக வாழும் முதியவர்களின் பட்டியலைத் தயாரிக்கப் போகிறார்களாம். காய்ச்சல், மின்தூக்கி பழுது என்றால் யாருக்கு ஆள் தேவைப்படும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளத்தான். நல்ல முயற்சி. பாரத்தில் ஒரு கேள்வி: “உங்களுக்கு உதவி செய்பவர்கள் எத்தனை பேர்?” பக்கத்தில் ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் பழைய வெட்கம் ஒன்று திரும்பி வந்தது.

ஊடகவியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு. அண்டை அயலாருக்குள் எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்று அளக்க, இதே புளோக்கில் 40 வீடுகளின் கதவைத் தட்டினேன். என் பாரத்திலும் இதே கேள்வி, இதே கட்டம். கீழ்மாடியில் ஒரு பாட்டி. தோட்டத்தை விட்டு வந்தவர், கணவர் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டத்தில் சுழியம் எழுதினார். “எனக்கு யாரும்மா செய்யுறா? என் வேலைய நானே பாத்துக்குவேன்” என்றார்.

ஆய்வேட்டில் அவரை ‘ஒதுங்கி வாழ்பவர்’ என்ற பிரிவில் சேர்த்தேன். விழுக்காடு போட்டேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

அன்று அவர் வீட்டு வாசலில் ஏழு ஜோடிச் சின்னச் செருப்புகள் கிடந்தன. பார்த்தேன். ஆனால் என் பாரத்தில் செருப்புக்குக் கட்டம் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து மகன் அவரை ஜொகூருக்கு அழைத்துப் போனார். அந்த வாரமே நான்கு வீடுகளில் தடுமாற்றம். பள்ளி வேனிலிருந்து பிள்ளைகளை யார் கூட்டி வருவது? அம்மா வேலை முடிந்து வரும்வரை யார் சோறு போடுவது? ஒரு தாய் வேலையையே விட்டார். உங்களுக்கு யார் செய்கிறார்கள் என்று கேட்ட நான், நீங்கள் யாருக்குச் செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், “பக்கத்து வீட்டுப் புள்ளைங்கதானே, இதெல்லாம் உதவியா?” என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்தத் தவற்றில் விழாமல் ஆய்வு செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவர் எலனோர் பவர் என்ற மானிடவியல் ஆய்வாளர். தமிழ்நாட்டில் இரண்டு கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். ஊர்களின் உண்மைப் பெயரை வெளியிடாமல் தென்பட்டி, அழகாபுரம் என்று பெயர் வைத்தார். முதலில் அவர் செய்தது ஊரோடு ஊராக இருந்தது. திருவிழாக்களைப் பார்த்தார். யார் பால்குடம் எடுக்கிறார், யார் அலகு குத்துகிறார், யார் தீ மிதிக்கிறார் என்று கவனித்தார். பிறகு வீடு வீடாகப் போய், கைமாற்று வேண்டுமானால் யாரிடம் போவீர்கள், வேலை தேட யாரைக் கேட்பீர்கள் என்று பெயர் பெயராகக் கேட்டார். அந்தப் பெயர்களைக் கோடுகளாக இணைத்தபோது ஊரின் உதவி வலை கண்முன் வந்தது.

2017-இல் வெளிவந்த முடிவு இது: தவறாமல் வழிபடுகிறவர்களையும், வருத்திக்கொண்டு நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களையும் தேடித்தான் மற்றவர்கள் உதவிக்கு அதிகம் வருகிறார்கள். உறவு, சாதி போன்றவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான்.

பத்துமலையில் காவடியோடு படியேறியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வெறும் பாரத்தோடு போனவர் வருமானம், நிலம், வயது என்று கேட்டிருப்பார்; பால்குடத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றியிருக்காது. வெறுமனே தங்கிப் பார்த்து மட்டும் எழுதியிருந்தால், “நீங்கள் நாலு நல்லவர்களைப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவுதான்” என்று தள்ளிவிட்டிருப்பார்கள். என்ன கேட்க வேண்டும் என்பதை ஊர் சொல்லிக்கொடுத்தது. அது நாலு பேர் கதை மட்டும் இல்லை என்பதை எண்ணிக்கை காட்டியது. இதைக் கலப்பு முறை என்பார்கள்.

வானொலியில் இது எனக்கு அன்றாடப் பாடம். எத்தனை பேர் கேட்டார்கள் என்று அறிக்கை சொல்லும். ஏன் கேட்டார்கள் என்பது, இரவு வேலை முடிந்து காரிலிருந்து ஒருவர் அழைத்துப் பேசும்போதுதான் தெரியும். ஆனால் அந்த ஒருவரை வைத்து எல்லாரையும் அளந்தால் அதுவும் தப்பு.

ஆகவே புலனக் குழுவில் எழுதினேன். ‘எத்தனை பேர்’ என்பதை எடுத்துவிட்டு ‘யார் யார்’ என்று கேளுங்கள். ‘நீங்கள் யாருக்குச் செய்கிறீர்கள்’ என்றும் சேருங்கள். பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

“இத்தனை வீட்டுக்கும் போய் யார் உட்காருவது?” என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயம்தான். பாரம் எல்லா வீட்டுக்கும் போகட்டும், யார் பெயரும் எழுதாதவர்கள் வீட்டில் மட்டும் உட்காருவோம் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். ஐந்தாம் மாடி என் பொறுப்பு.

உங்கள் தாமானிலும் இப்படி ஒரு பாரம் வரலாம். பெயரே எழுதாமல் ஒருவர் திருப்பிக் கொடுத்தால், அவருக்கு யாரும் இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். உண்மையிலேயே யாரும் இல்லாதவரும் இருப்பார். ஒரு மாடியையே தாங்கிக்கொண்டிருப்பவரும் இருப்பார். இருவரும் எழுதிக்கொடுப்பது அதே சுழியம்தான்.