எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ள முடியாதவை

“மொதல்ல ரெக்கார்ட் பண்ணு மச்சி, மத்ததெல்லாம் எடிட்டிங்ல பாத்துக்கலாம்.” குறும்படம் எடுக்கும் கல்லூரிக் கோஷ்டிகளிலும், பாட்காஸ்ட் தொடங்கும் கூட்டத்திலும் இது வேதவாக்கு. செட்டிங்ஸைத் திறப்பவன் நேரத்தை வீணடிப்பவன். சிவப்புப் பொத்தானை அழுத்துபவன் வேலை தெரிந்தவன். சுத்தப் பேத்தல்!

ஒலி 0 டெசிபலைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதுதான் கிளிப்பிங். வெட்டுப்பட்ட பகுதி எங்குமே பதிவாகவில்லை. பிறகு எந்த ஃபில்டர் போட்டாலும் அது ஊகம்தான், ஒலி அல்ல. “ஆடாசிட்டியில்தான் 32 பிட் ஃப்ளோட் இருக்கிறதே” என்று சிலர் வாதாடுவார்கள். மென்பொருளுக்கு வந்து சேரும் முன்பே மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ வெட்டுப்பட்ட ஒலியை, அந்த 32 பிட் வெட்டுப்பட்டபடியே பத்திரமாகக் காப்பாற்றித் தரும். அவ்வளவுதான்.

அடுத்தது சாம்பிள் ரேட். ஆடியோ சிடிக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள்; வீடியோவுக்கு வழக்கம் 48,000. முதலாவதில் பதிந்ததை இரண்டாவதென்று தப்பாக எடுத்துக்கொண்டு ஓட்டினால், வேகம் சுமார் 9 சதவீதம் கூடிவிடும். ஒரு கட்டையில் பாடியவர், ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே, ஆர்மோனியத்தில் கட்டையே இல்லாத இடத்தில் போய் நிற்பார். இதையாவது திருத்தலாம். ஆனால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து, யுஎஸ்பி மைக்கை வாய்க்கு நேரே வைத்துவிட்டு, மென்பொருளில் லேப்டாப்பின் உள் மைக்கையே தேர்வில் விட்டுவிடுவது. முழு வசனத்துக்கும் பின்னணி இசை லேப்டாப் விசிறி :-)

“செட்டிங்ஸிலேயே மூழ்கினால் ரெக்கார்டிங் எப்போது நடக்கும்?” என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. பேச்சைப் பதிய 192 கிலோஹெர்ட்ஸ் தேடி அலைவதும் பைத்தியக்காரத்தனமே. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதற்கு 48,000 மாதிரிகள் தாராளம். 24 பிட் வைத்துக்கொண்டால், உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றாலும் இரைச்சல் பயமில்லை. ஒரே குரலுக்கு மோனோ போதும்; ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி. சரியான மைக்கைத் தேர்ந்தெடுத்து, அரை நிமிடம் சோதனைப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டுவிட்டால் முடிந்தது. மொத்தமே ஐந்து நிமிட வேலை.

இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்கள் உண்மையில் யாருடைய நேரத்தைச் செலவழிக்கிறார்கள்? நடிகனுக்கு ரீடேக் உண்டு. கிராமத்தில் ஒரு பாட்டி, மனம் வந்து, நாற்பது வருடம் பாடாத ஒப்பாரியைப் பாடுகிறார். அவர் குரல் உடைந்து உச்சத்தில் ஏறும் இடத்தில்தான் மீட்டர் சிவப்பைத் தொடுகிறது. “பாட்டி, இன்னொரு தடவை அழுங்க” என்று கேட்க முடியுமா? கேட்டாலும் அதே அழுகை வருமா?

பாடுபவர் முன்னால் வந்து உட்கார்வதற்குள் மைக், ரேட், பிட், அளவு நான்கையும் பார்த்து வைப்பது தொழில்நுட்பப் பந்தா அல்ல, அவருக்குத் தரும் மரியாதை. அதைக்கூடத் தர முடியாதவர்கள் அந்தச் சிவப்புப் பொத்தானைத் தொடாமல் இருப்பதே மேல்.