பெட்ரோல் மூடியும் "மாத்திடணும் சார்" மேதாவிகளும்



எங்க கார் 2003ல அப்பா வாங்கினது. ரெண்டு தடவை ஆர்.சி. புதுப்பிச்சாச்சு, இன்னும் ஓடுது. போன வாரம் பங்க்ல நின்னு, சீட்டுக்குப் பக்கத்துல இருக்கற லீவரை இழுத்தா, பெட்ரோல் டேங்கோட வெளிமூடி திறக்கலை. ரிசர்வ்லயே உருட்டிக்கிட்டு சர்வீஸ் சென்டர் போனேன். ஒரு தம்பி எட்ட நின்னே சொன்னார்: "கேபிள் செட்டே மாத்திடணும் சார். பழைய வண்டி, பார்ட் கிடைக்கறது கஷ்டம். பேசாம எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்களேன்."

மூடியை விரலால கூடத் தொடலைங்க!

இதென்ன பிரம்ம வித்தையா? லீவரை இழுத்தா கேபிள் போய்க் கொக்கியை விலக்கும், குட்டி ஸ்பிரிங் மூடியை வெளியே தள்ளும். அவ்வளவுதான். லீவர் தொளதொளன்னு வந்தா கேபிள் அறுந்திருக்கும், இல்ல கழண்டிருக்கும். இழுக்கவே முடியலைன்னா கேபிளோ கொக்கியோ துருப்பிடிச்சிருக்கும். 'டக்'னு சத்தம் கேட்டும் மூடி அசையலைன்னா, ஸ்பிரிங் சோர்ந்திருக்கும் அல்லது கீல் இறுகியிருக்கும். இதுக்குக் கம்ப்யூட்டர் வேணாம், காது போதும்.

நம்மளோடது மூணாவது கேஸ். தங்கமணி லீவரை இழுத்துப் பிடிக்க, நான் மூடியை உள்பக்கமா அமுக்கி விட்டேன். திறந்துடுச்சு! கீல்ல டபிள்யூடி-40 அடிச்சு, துருவைத் துடைச்சு, மேல கொஞ்சம் கிரீஸ். (ஸ்பிரே துருவை இளக்கும், ரொம்ப நாள் வழுக்க கிரீஸ்தான்.) ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பிடாதீங்க, பெயிண்ட் போயிடும். கேபிளே அறுந்திருந்தாலும், நிறைய கார்கள்ல டிக்கியோட உள்பக்க அட்டையைக் கழட்டினா கொக்கியைக் கையாலயே இழுக்கலாம்.

"இந்த சின்ன வேலையெல்லாம் கட்டுப்படியாகாது சார்"னு சொல்லுவாங்க. சரி, பத்து நிமிஷத்துக்கு நியாயமான கூலி கேளுங்க, தர்றேன். பார்க்காமலே "மாத்து"ன்னா அதுக்கு எதுக்குக் காசு? கோளாறைக் கண்டுபிடிக்கறவர்தான் மெக்கானிக். டப்பாவைப் பிரிச்சு புதுசை மாட்டறவர் இல்லை.

நம்ம மேலயும் தப்பிருக்கு. "மாத்தணும்"னதுமே பர்ஸை எடுக்கறோம். "எது போயிருக்கு, காட்டுங்க"ன்னு கேக்கறதில்லை. இனிமே கேளுங்க. கேட்டாத்தான் பழுதுபார்க்கற தொழில் பொழைக்கும்.

டிஸ்கி: மூடிகிட்ட வேலை பார்க்கும்போது பீடி, சிகரெட் வேணாம் சாமி. அப்புறம், அப்பாவோட கார் எக்ஸ்சேஞ்சுக்கு இல்லை.